வழக்கறிஞர் உருவாகும் வகை

கல்வி இருவகைப்படும். நூலின் வாயிலாகப் பெறுவது ஒன்று. வல்லாரோடு பழகிப் பெறுவது மற்றொன்று. சிற்பநூலை முழுதும் ஓதியவனும் உளியைக் கையில் எடுத்த முதல் நாளிலேயே கல்லில் உருவம் வடித்துவிட இயலாது. மருத்துவ நூல்களில் தேர்ந்தவனும், முதிர்ந்த மருத்துவர் ஒருவரின் அருகிருந்து பல நோயாளிகளைக் கண்ட பின்னரே நோயின் காரணத்தை உள்ளவாறு உணரத் தொடங்குகிறான். நூலறிவு விதை எனின், பயிற்சி அதனை முளைக்கச் செய்யும் நீராகும். விதையின்றி நீர் பயன்படாது. நீரின்றி விதையும் பயன்படாது.

வழக்கறிஞர் தொழிலும் இத்தகையதே. சட்டக் கல்லூரியில் மூன்றாண்டோ ஐந்தாண்டோ பயின்று பட்டம் பெற்ற இளைஞர் சட்டத்தின் பிரிவுகளை நன்கு அறிந்திருப்பார். ஆயினும், கலங்கிய உள்ளத்தோடு தம்மிடம் வந்து நிற்கும் கட்சிக்காரரிடம் எதனை முதலில் கேட்டல் வேண்டும், அவர் கூறுவனவற்றுள் எது வழக்குக்கு உரியது, எந்த ஆவணம் இன்றியமையாதது என்பவற்றை அந்நூல்கள் முற்றும் கற்பித்துவிடுவதில்லை. தச்சன் பழகுங்கால் பாழாவது மரம். குயவன் பழகுங்கால் உடைவது மட்கலம். வழக்கறிஞர் பழகுங்கால் தவறு நேரின், அழிவது பிறர் ஒருவருடைய நிலமாகவோ மானமாகவோ விடுதலையாகவோ இருத்தல் கூடும். பிழை செய்பவர் ஒருவர். அதன் பயனை நுகர்பவர் மற்றொருவர். ஆதலின், இத்தொழிலில் புகுவோரை முன்னரே பயின்ற மூத்தோர் பயிற்றுவித்தலும், தகுதி நோக்கி மதிப்பிடுதலும் உலகெங்கும் வழக்கமாயின.

வழக்கில் ஒருவர் சார்பாக எடுத்துரைப்பார் இல்லையெனின் விளையும் கேட்டினைத் தமிழர் நெடுங்காலத்திற்கு முன்னரே உணர்ந்திருந்தனர். சிலப்பதிகாரத்தில் கோவலனுக்காகப் பேசுவார் அன்று மதுரையில் எவரும் இலர். பொற்கொல்லன் கூறிய ஒருபக்கச் சொல்லே மன்னனின் செவியில் ஏறியது. சிலம்பினுள் இருப்பது முத்தா, மாணிக்கமா என்னும் ஒரு வினாவினை உரிய வேளையில் எழுப்ப ஒருவர் இருந்திருப்பின், கோவலன் உயிர் பிழைத்திருப்பான். பாண்டியனும் பழிக்கு ஆளாகியிரான். கண்ணகி வந்து அவ்வினாவை எழுப்பியபோது காலம் கடந்துவிட்டது. உரிய வினாவை உரிய காலத்தில் எழுப்பும் ஆற்றலே வழக்கறிஞரின் முதன்மையான கருவி. அக்கருவியைக் கூர்மை செய்யும் பட்டறையே மூத்த வழக்கறிஞரின் அலுவலகம்.

புதுச்சேரி நகரில் கடலூர்ச் சாலையிலே ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகம் அமைந்துள்ளது. காலைப் பொழுதில் கருநிற மேலங்கியும் வெண்ணிறக் கழுத்துப் பட்டையும் அணிந்த வழக்கறிஞர்கள் அவ்வளாகத்தில் விரைந்து செல்வதைக் காணலாம். அவர்களுள் முதிர்ந்தவர் ஒருவரின் பின்னே வழக்குக் கட்டுகளைச் சுமந்து செல்லும் இளையவர் ஒருவரும் காணப்படுவார். முன்னவரைச் ‘சீனியர்’ என்றும் பின்னவரை ‘ஜூனியர்’ என்றும் மக்கள் வழங்குவர். கட்டுகளைச் சுமப்பது எளிய ஏவல் போலத் தோன்றும். ஆயின், கையில் சுமக்கும் கட்டினைக் கருத்திலும் சுமக்கக் கற்பதே அவ்விளையவரின் பயிற்சியாகும்.

மாலையில் நீதிமன்றம் கலைந்த பின்னர் மூத்தவரின் அலுவலகத்தில் பயிற்சி தொடரும். கட்சிக்காரர் வருவர், தம் குறைகளைக் கூறுவர். துயருற்றோர் செய்திகளை வரிசைப்படக் கூறுவதில்லை. பத்தாண்டுக்கு முன் நிகழ்ந்த பூசலும், நேற்று நிகழ்ந்த வாய்ச்சொல்லும், அயலார் கூறிய செவிவழிச் செய்தியும் அவர்தம் பேச்சில் கலந்தே வரும். மூத்தவர் பொறுமையோடு கேட்டு, இடையிடையே ஓரிரு வினா விடுத்து, நெல்லையும் பதரையும் பிரிப்பதுபோல வேண்டுவனவற்றைப் பிரித்தெடுப்பார். இளையவர் அருகிருந்து குறிப்பெடுப்பார். பின்னர் அக்குறிப்பினைக் கொண்டு பிராதினையோ எதிருரையையோ தாமே எழுதுவார். மூத்தவர் அதனைப் படித்துச் சிவப்பு மையால் திருத்துவார். அத்திருத்தங்களே இளையவர்க்குக் கிடைக்கும் உயர்ந்த பாடங்கள்.

ஓர் எடுத்துக்காட்டினால் இதனைத் தெளிவாக உணரலாம். முதியவர் ஒருவர் தாம் கொடுத்த கடனைத் திரும்பப் பெற வழக்குத் தொடுக்க விரும்பி, மக்கள் ‘புரோநோட்டு’ என்று வழங்கும் கடன் உறுதிச் சீட்டினைக் கொண்டு வருகிறார் என்று கொள்வோம். 1963 ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டத்தின்படி இத்தகைய கடனுக்குப் பொதுவாக மூன்றாண்டுகளுக்குள் வழக்குத் தொடுத்தல் வேண்டும். சீட்டில் குறித்த நாளிலிருந்து நான்காண்டுகள் கடந்துவிட்டன. புதிதாகப் பயின்று வந்த இளையவர், காலம் கடந்தது எனக் கூறி முதியவரை அனுப்பிவிடவும் கூடும். மூத்தவரோ சீட்டினை வாங்கிப் பின்புறத்தைத் திருப்பிப் பார்க்கிறார். அங்கே, இரண்டாண்டுகளுக்கு முன் வட்டியில் ஒரு பகுதியைச் செலுத்தியதாகக் கடன்பட்டவரே எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறார். காலவரம்பு முடியுமுன் இவ்வாறு செலுத்திக் கையொப்பமிட்டால், அந்நாளிலிருந்து மூன்றாண்டுகள் புதிதாகக் கணக்கிடப்படும் என்பது அச்சட்டத்தின் விதி. ஆகவே, இன்னும் ஓராண்டுக் காலம் முதியவர்க்கு உண்டு. விதியினை இளையவரும் நூலில் கற்றே இருந்தார். ஆயினும் தாளைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும் என்பதை மூத்தவரே கற்பித்தார். முதியவரின் வாழ்நாள் சேமிப்பு அத்தாளின் பின்புறத்தில் இருந்தது.

நீதிமன்றத்தினுள் நிகழும் பயிற்சியும் படிப்படியாகவே அமையும். இளையவர் முதற்கண் மூத்தவரின் பின்னே அமர்ந்து கேட்பார். அடுத்து, வழக்கினை வேறொரு நாளுக்குத் தள்ளிவைக்குமாறு வாய்தா கேட்பார். பின்னர்ச் சிறு மனுக்களில் வாதிடுவார். தம் தரப்புச் சாட்சியை முதல் விசாரணை செய்வார். இறுதியாகவே எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்படும். குறுக்கு விசாரணையில் எதனைக் கேட்பது என்பதினும் எதனைக் கேளாது விடுவது என்பதே அரிது. வேண்டாத ஒரு வினா, வென்ற வழக்கினையும் தோற்கச் செய்யும். இந்நுட்பத்தைப் பலமுறை அருகிருந்து கண்டாலன்றி உணர்தல் இயலாது.

இவற்றினும் மேலானது ஒழுக்கப் பயிற்சி. கட்சிக்காரர் நம்பிக் கூறிய மறையினை வெளியிடாமை, அவர்தம் பணத்தைத் தம் பணத்தோடு கலவாமை, நீதிமன்றத்திற்குப் பொய்ச் செய்தி கூறாமை, எதிர்த்தரப்பு வழக்கறிஞரைப் பகைவராகக் கருதாமை ஆகியவற்றை இளையவர் விதிநூலில் படிக்கலாம். ஆயின், வெற்றியா உண்மையா என்னும் நெருக்கடி வந்துற்றபோது மூத்தவர் எவ்வழியில் நிற்கிறார் என்பதைக் கண்டே அவர் தம் வழியைத் தேர்ந்துகொள்வார். மூத்தவர் நேரிய வழியில் நிற்பின் இளையவரும் நிற்பார். மூத்தவர் வழுவின் இளையவரும் வழுவுதல் கூடும். ஆதலின் பயிற்றுவோரின் பொறுப்பு மிகப் பெரிது.

இத்தகைய பயிற்சி கிட்டாதபோது சிறந்த அறிவுடையோரும் தளர்வுறுதல் உண்டு. இதற்குக் காந்தியடிகளின் வாழ்வே சான்று. அவர் இலண்டன் மாநகரில் சட்டம் பயின்று 1891 ஆம் ஆண்டு சூன் திங்களில் பாரிஸ்டர் ஆனார். தாயகம் திரும்பிப் பம்பாயில் தொழில் செய்யத் தொடங்கினார். சிறுவழக்கு நீதிமன்றத்தில் அவர்க்கு முதல் வழக்கு ஒன்று கிடைத்தது; அதற்குரிய ஊதியம் 30 ரூபாய். எதிர்த்தரப்புச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்து நின்றார். நா எழவில்லை, தலை சுழன்றது, ஒரு வினாவும் தோன்றவில்லை. அவ்வழக்கினை நடத்தத் தம்மால் இயலாது எனக் கூறி அமர்ந்தார். பெற்ற பணத்தைத் திருப்பித் தந்துவிட்டு வெளியேறினார். திருக்குறளில் அவையஞ்சாமை எனத் தனி அதிகாரமே அமைந்திருப்பதன் காரணம் இந்நிகழ்ச்சியால் நன்கு விளங்கும்.

அவரே 1893 ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்கா சென்றார். தாதா அப்துல்லா என்னும் வணிகரின் பெருவழக்கில் உதவிபுரியப் பிரிட்டோரியா நகரில் தங்கினார். அங்கே தேர்ந்த வழக்கறிஞர்களுடன் பழகினார். வழக்குக்குரிய கணக்குகளை உணரும்பொருட்டுக் கணக்கியலைத் தாமே கற்றார். கடிதங்களையும் ஆவணங்களையும் முற்றும் ஆராய்ந்தார். வழக்கின் மெய்ச்செய்திகளைத் துருவி அறிவதே சட்டத்தின் பெரும்பகுதி என்னும் உண்மை அவர்க்கு அங்கே புலனாயிற்று. மூத்த பாரிஸ்டர் ஒருவரின் அறையில் இளையவர் கற்கும் பாடங்களைத் தாம் அவ்விடத்தே கற்றதாக அவர் தம் வரலாற்றில் குறித்துள்ளார். முடிவில் இருதரப்பினரையும் இணக்கப்படுத்தி அவ்வழக்கினைத் தீர்த்துவைத்தார். பம்பாயில் நா எழாது நின்றவரும், பிரிட்டோரியாவில் பகைத்த இருவரை ஒன்றுசேர்த்தவரும் ஒருவரே. இடையே நிகழ்ந்தது பயிற்சி.

பயிற்சியின் சிறப்பு இதுவாயின், மதிப்பிடுதலின் சிறப்பு யாது? அதனை அறியப் புதுச்சேரியின் வரலாற்றினைச் சிறிது நோக்குதல் வேண்டும். புதுச்சேரி நெடுங்காலம் பிரெஞ்சுக்காரரின் ஆட்சியில் இருந்தது. 1819 ஆம் ஆண்டில் பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் இங்கு நடைமுறைக்கு வந்தன. எனினும், மணம், சொத்துரிமை முதலியவற்றில் இந்தியர் தத்தம் வழக்காறுகளின்படியே நடக்க இடந்தரப்பட்டது. அவ்வழக்காறுகளை ஆராய்ந்து நீதிமன்றத்திற்குக் கருத்துரைக்க 1827 ஆம் ஆண்டில் இந்தியர் அடங்கிய ஆலோசனைக் குழு ஒன்றும் அமைக்கப்பட்டது. 1838 ஆம் ஆண்டிலேயே சட்டம் கற்பிக்கும் பள்ளி இந்நகரில் தோன்றியது.

பிரெஞ்சு நாட்டிலே 1810 ஆம் ஆண்டில் நெப்போலியன் பிறப்பித்த ஆணை, வழக்கறிஞர் குழுவை மீண்டும் நிலைநிறுத்தியது. புதிதாகச் சேருவோர் மூன்றாண்டுகள் பயிற்சி பெறுதல் வேண்டும் என அது விதித்தது. அப்பயிற்சியைப் பிரெஞ்சு மொழியில் ‘ஸ்தாஜ்’ என்பர். மூத்தோரின் கண்காணிப்பில் பழகி, தகுதி காட்டியவரே குழுவில் முழு உரிமை பெறுவர். சென்னை மாகாணத்திலும் உயர்நீதிமன்றத்தில் வாதிட விரும்பியோர் மூத்தவர் ஒருவரிடம் பழகுநராக இருந்து பயின்ற பின்னரே தொழிலில் புகும் முறை இருந்தது.

மதிப்பிடும் உரிமை பெற்றோர் எதனை மதிப்பிடுதல் வேண்டும் என்னும் வினா புதுச்சேரியில் ஒருமுறை கூர்மையாக எழுந்தது. பொன்னுத்தம்பிப் பிள்ளை என்பவர் இந்நகரில் வழக்கறிஞராக விளங்கினார். 1873 ஆம் ஆண்டில் அவர் ஐரோப்பியர் அணியும் காலணியைப் பூண்டு நீதிமன்றத்தினுள் சென்றார். இந்தியர் அவ்வாறு வருதல் மன்றத்திற்குப் பொருந்தாது எனக் கருதிய நீதிபதி அவர்மீது நடவடிக்கை எடுத்தார். பொன்னுத்தம்பியின் சட்ட அறிவில் குறையில்லை, வாதத்திலும் குறையில்லை. குறையென்று கருதப்பட்டது அவர் காலில் இருந்த செருப்பே. அவர் தாழ்ந்து பணிந்தாரல்லர். வெகுண்டு வெளியேறினாரும் அல்லர். தாம் கற்ற சட்டத்தையே துணைகொண்டு, பாரிசு நகரிலிருந்த பிரெஞ்சு நாட்டின் தலைமை நீதிமன்றத்தில் முறையிட்டார். ஜூல் கொதேன் என்னும் பிரெஞ்சு வழக்கறிஞர் அவர் சார்பில் வாதிட்டார். பொன்னுத்தம்பி வென்றார். பின்னாளில் பிரெஞ்சு உரிமைச் சட்டத்தை ஏற்றுக்கொள்ளும் இயக்கத்திற்கு அவரே முன்னோடியானார்; 1881 ஆம் ஆண்டின் ஆணைக்குப்பின் லபோர்த் என்னும் குடும்பப் பெயரையும் ஏற்றார்.

இவ்வரலாறு உணர்த்தும் உண்மை யாது? பொன்னின் மாற்று அறியக் கட்டளைக்கல் வேண்டும். ஆயின் அக்கல் பொன்னைத்தான் உரைத்துப் பார்த்தல் வேண்டும். பொன்னைச் சுற்றிவந்த துணியை அன்று. புதியவர் ஒருவரை மூத்தோர் மதிப்பிடுங்கால் அவர்தம் அறிவு, உழைப்பு, நேர்மை ஆகியவற்றையே நோக்குதல் வேண்டும். அவர்தம் குலத்தையும் உடையையும் வீட்டின் செல்வத்தையும் நோக்குதல் தகாது. கோணிய கோலால் அளந்தால் நேரிய பொருளும் கோணலாகவே தோன்றும்.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் புதுச்சேரியின் வழக்கறிஞர்கள் வேறொரு சோதனைக்கு உள்ளாயினர். 1954 ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் ஆட்சிப் பொறுப்பு இந்தியாவிடம் வந்தது. 1962 ஆம் ஆண்டு ஆகஸ்டு 16 அன்று இணைப்பு சட்டப்படி நிறைவுற்றது. அவ்வாண்டிலேயே சென்னை உயர்நீதிமன்றத்தின் அதிகாரம் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டது. 1968 ஆம் ஆண்டில் இந்தியச் சட்டங்கள் பல ஒருங்கே இங்கு நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டன. பிரெஞ்சு முறையில் தொழில் செய்துவந்தோர் தம் உரிமையை இழவாவண்ணம், வழக்கறிஞர் சட்டத்தில் புதுச்சேரிக்கெனத் தனிப்பிரிவு ஒன்றும் சேர்க்கப்பட்டது. உரிமை காக்கப்பட்டது, ஆயின் அறிவு புதிதாகத் தேடப்பட வேண்டியிருந்தது. பிரெஞ்சுச் சட்டத்தில் நரைமுதிர்ந்த மூத்தோர், இந்தியச் சட்டத்தின் முன் மீண்டும் மாணாக்கராயினர். கற்பிக்கும் நிலையில் இருந்தோர் கற்கும் நிலைக்கு இறங்கி வருதல் எளிதன்று. கல்விக்கு முடிவில்லை என்பதை அம்மாற்றம் அனைவர்க்கும் உணர்த்தியது.

பழைய முறையும் அடியோடு மறைந்துவிடவில்லை. பிரெஞ்சு உரிமைச் சட்டத்தை முன்னாளில் ஏற்றுக்கொண்டோரின் வழித்தோன்றல்கள் சிலர்க்கு, மணம், மரபுரிமை முதலியவற்றில் அச்சட்டமே இன்றும் பொருந்துகிறது. பழைய சொத்து வழக்குகளில் பிரெஞ்சு மொழியில் எழுதிய ஆவணங்கள் சான்றாக வருதலும் உண்டு. நூறாண்டுக்கு முற்பட்ட ஆவணம் ஒன்றில் உள்ள ஒரு சொல்லின் பொருளைத் தவறாகக் கொண்டால், ஒரு குடும்பத்தின் வீடே கைமாறிவிடும். இத்தகைய நுண்ணறிவு மூத்தோரிடமிருந்து இளையோர்க்கு நேரே கைமாறினாலன்றி நிலைத்திராது.

இனி, இந்திய நாட்டில் பயிற்சியும் மதிப்பீடும் எவ்வாறு அமைந்தன என்பதைக் காண்போம். 1961 ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டம், பட்டம் பெற்றோர் பயிற்சி பெற்றுத் தேர்விலும் வெற்றி பெற்ற பின்னரே பதிவுபெறுதல் வேண்டும் என முதலில் விதித்திருந்தது. 1973 ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் அவ்விதியை நீக்கியது. இந்திய வழக்கறிஞர் பெருமன்றம் 1995 ஆம் ஆண்டில் மூத்தவரிடம் ஓராண்டு பயிலும் விதியினை மீண்டும் கொணர்ந்தது. நாடாளுமன்றம் நீக்கியதை மீண்டும் புகுத்தும் அதிகாரம் பெருமன்றத்திற்கு இல்லையெனக் கூறி உச்சநீதிமன்றம் 1999 ஆம் ஆண்டில் அதனைச் செல்லாதாக்கியது. பயிற்சி நன்று என்பதில் ஐயம் எழவில்லை. அதனைக் கட்டாயமாக்க உரிமையுடையவர் யாவர் என்பதே வினா. பின்னர், அனைத்திந்திய வழக்கறிஞர் தேர்வு 2011 ஆம் ஆண்டு மார்ச்சு 6 அன்று முதன்முறையாக நடைபெற்றது. அத்தேர்வினை நடத்தும் அதிகாரம் பெருமன்றத்திற்கு உண்டென்று உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அடங்கிய அமர்வு 2023 ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது.

கல்லூரியிலேயே பயிற்சியைத் தொடங்கும் ஏற்பாடும் உண்டு. புதுச்சேரியை அடுத்த காலாப்பட்டில் டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி அமைந்துள்ளது. இந்திய வழக்கறிஞர் பெருமன்றத்தின் 2008 ஆம் ஆண்டு விதிகளின்படி, மூன்றாண்டுப் படிப்பு பயில்வோர் 12 வாரங்களும், ஐந்தாண்டுப் படிப்பு பயில்வோர் 20 வாரங்களும் வழக்கறிஞர்களிடமும் பிற சட்ட அமைப்புகளிலும் களப்பயிற்சி பெறுதல் வேண்டும். மேலும், 100 மதிப்பெண் கொண்ட செய்முறைத் தாள் ஒன்று உண்டு. மாதிரி நீதிமன்றத்தில் வாதிடுதலுக்கு 30, உண்மையான வழக்கு விசாரணைகளை நேரில் கண்டு எழுதுதற்கு 30, கட்சிக்காரரோடு உரையாடும் முறையையும் வழக்கிற்கு ஆயத்தம் செய்யும் வகையையும் கண்டு நாட்குறிப்பில் எழுதுதற்கு 30, வாய்மொழித் தேர்வுக்கு 10 என அம்மதிப்பெண்கள் பகுக்கப்பட்டுள்ளன. நூலினுள் இருந்த சட்டம் மக்களின் நடுவே எவ்வாறு இயங்குகிறது என்பதை மாணவர் தம் கண்ணாலேயே காணும் வாயில் இது.

மூத்தோரின் மதிப்பீட்டிற்கு மேலும் ஒரு பொறுப்பு அண்மையில் வந்து சேர்ந்தது. கீழ்நிலை உரிமையியல் நீதிபதிப் பணிக்கு விண்ணப்பிப்போர் மூன்றாண்டுகளேனும் வழக்கறிஞராகத் தொழில் செய்திருத்தல் வேண்டும் என உச்சநீதிமன்றம் 2025 ஆம் ஆண்டு மே 20 அன்று தீர்ப்பளித்தது. அவ்வாறு தொழில் செய்தமைக்குரிய சான்றினைப் பத்தாண்டுக்குக் குறையாத அனுபவமுடைய வழக்கறிஞர் வழங்கலாம். அதனை அம்மாவட்டத்தின் முதன்மை நீதித்துறை அலுவலர் ஒப்புதல் செய்தல் வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறியது. மூத்தவர் இடும் அக்கையொப்பம் வெறும் மைக்கோடு அன்று. நாளை நீதிபதியாக அமர்ந்து பிறர் வாழ்வை முடிவு செய்யப் போகும் ஒருவரைப் பற்றி அவர் நாட்டிற்குத் தரும் உறுதிமொழி அது. முகமன் கருதி அதனை வழங்குதல் நாட்டுக்குத் தீங்கு. பகைமை கருதி மறுத்தல் இளையவர்க்குத் தீங்கு.

பயிலும் இளையோர்க்கு ஓர் இன்னலும் உண்டு. தொழிலின் தொடக்க ஆண்டுகளில் அவர்க்குத் தனி வழக்குகள் வாரா, வருவாயும் இராது. செல்வர் வீட்டுப் பிள்ளைகள் அவ்வாண்டுகளைத் தாங்குவர். உழவர் மகனும் நெசவாளர் மகளும் என் செய்வர்? அறிவிருந்தும் அறை வாடகைக்கு வழியின்றி அவர்கள் தொழிலை விட்டு நீங்கின், நாடு நல்ல வழக்கறிஞரை இழக்கும். ஏழையின் துயரைப் பட்டறிந்தவர் ஏழைக்காகப் பேசும் வாய்ப்பும் இழக்கப்படும். புதுச்சேரி வழக்கறிஞர்களின் நல நிதி தொடர்பாக எழுந்த வழக்கொன்றில் சென்னை உயர்நீதிமன்றம் 2024 ஆம் ஆண்டு சூன் திங்களில் இக்குறையைக் கருத்திற் கொண்டது. இளம் வழக்கறிஞர்க்குச் சென்னை, மதுரை, கோயம்புத்தூர் ஆகிய நகரங்களில் திங்கள்தோறும் 20,000 ரூபாயும், பிற இடங்களில் 15,000 ரூபாயும் குறைந்த அளவு உதவித்தொகையாக வழங்கப்படுதல் வேண்டும் என்றும், தமிழ்நாடு, புதுச்சேரி வழக்கறிஞர் மன்றம் இதனை மூத்தோர்க்கு அறிவுறுத்துதல் வேண்டும் என்றும் பணித்தது. அவ்வாண்டு அக்டோபரில் இந்திய வழக்கறிஞர் பெருமன்றமும் நகர்ப்புறத்தில் 20,000, ஊர்ப்புறத்தில் 15,000 ரூபாய் எனப் பரிந்துரை செய்தது.

இத்தொகை பிச்சையும் அன்று. கூலி மட்டுமும் அன்று. நாளைய நீதிமன்றத்திற்கு இன்றைய மூத்தோர் இடும் வித்து என்றே அதனைக் கருதுதல் தகும். மூத்தோருள்ளும் சிற்றூர்களில் எளிய வருவாயோடு தொழில் செய்வோர் பலர். அவர்க்கு இத்தொகை சுமையாதலும் உண்மையே. எனினும், பொருளால் இயலாதவிடத்தும் காலத்தாலும் கனிவாலும் செய்யத்தக்க உதவிகள் பல. இளையவர் எழுதிய பிராதினை ஒதுக்கிவிடாது திருத்தித் தருதலும், தவறு செய்தபோது மன்றத்தில் பலர்முன் இகழாது தனியே அழைத்து எடுத்துரைத்தலும், தக்க வழக்கில் வாதிட இடந்தந்து தாம் பின்னிருக்கையில் அமர்தலும் பொருளினும் சிறந்த உதவிகளாம்.

இளையோர்க்கும் கடமை உண்டு. வினவ நாணுதல் கூடாது; திருத்தினால் வருந்துதல் கூடாது. கட்டினைப் படியாது மன்றம் புகுதலும், தெரியாததைத் தெரிந்ததுபோலக் காட்டுதலும் கட்சிக்காரர்க்குச் செய்யும் துரோகமாம். மூத்தவர் நெறி தவறின், அதனைப் பின்பற்றாது விலகி நிற்கும் துணிவும் அவர்க்கு வேண்டும். பணிவு வேறு, அடிமைத்தனம் வேறு. பொன்னுத்தம்பி நீதிமன்றத்தை மதித்தார். அதனாலேயே அம்மன்றத்தின் தவற்றை மேல்மன்றத்தில் எடுத்துரைத்தார்.

விளக்கு ஒன்றிலிருந்து மற்றொரு விளக்கை ஏற்றுவதால் முன்னதன் ஒளி குறைவதில்லை. இல்லத்தின் இருளே குறைகிறது. இன்று மூத்தவராக மதிக்கப்படுபவரும் ஒருநாள் கட்டுகளைச் சுமந்து, சொல் தடுமாறி, திருத்தப்பெற்று வந்தவரே. கடன் உறுதிச் சீட்டினைத் திருப்பிப் பார்க்க அவர்க்கும் ஒருவர் கற்பித்தார். இன்று அதனைக் கற்கும் இளையவரும் பின்னொரு நாள் தம்முன் நடுங்கி நிற்கும் புதியவர் ஒருவர்க்கு அதனைக் கற்பித்தல் வேண்டும். அவ்வாறு கைமாறி வரும் அறிவும் நேர்மையுமே, மன்றத்தின் வாயிலில் தாளொன்றைக் கையில் ஏந்தி நிற்கும் எளிய முதியவர்க்கு உற்ற துணையாகும்.